பயிலரங்கு முடிந்த பிறகும் பாடம் தங்க வேண்டுமானால்: பயிற்சியைத் திட்டமிடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

அஞ்சல் குறியீட்டைத் தட்டச்சு செய்து கடிதங்களைப் பிரிக்கும் இயந்திரங்களைப் பிரிட்டனின் அஞ்சல் துறை கொண்டுவந்தபோது, தட்டச்சே அறியாத ஊழியர்கள் பலருக்கு அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆலன் பாட்லி, லாங்மன் என்ற ஆய்வாளர்கள் இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி ஊழியர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி மட்டுமே கிடைத்தது. மற்றொரு கோடியில் இருந்த குழுவோ நாளுக்கு நான்கு மணி நேரம் பயின்றது. 1978இல் வெளியான முடிவின்படி, ஒரு மணி நேரக் குழு மொத்தம் 55 மணி நேரத்தில் எட்டிய திறனை எட்ட, நான்கு மணி நேரக் குழுவுக்கு 80 மணி நேரம் பிடித்தது. மாதங்கள் கழித்துச் சோதித்தபோதும் நன்றாக நினைவு வைத்திருந்தவர்கள் ஒரு மணி நேரக் குழுவினரே. ஆனால், பயிற்சி முறை பிடித்திருந்ததா என்று கேட்டபோது மிகக் குறைவாக மனநிறைவு தெரிவித்தவர்களும் அவர்களேதான். நாட்கணக்கில் பார்த்தால் தாங்கள் பின்தங்கிப் போவதாக அவர்களுக்குத் தோன்றியிருந்தது.

பயிற்சி நடத்தும் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் இந்த முடிவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். கற்பவருக்கு இதமாக இருப்பதும் மனதில் தங்குவதும் ஒன்றல்ல; பல நேரங்களில் இவை எதிரெதிர்த் திசையில் போகின்றன. அரங்கில் ஆரவாரமாகப் போன பயிலரங்கு ஆறு வாரத்தில் தடமின்றிக் கரைந்துவிடுவதும், முனகலோடு நடந்த பயிற்சி வேலை முறையையே மாற்றிவிடுவதும் இதனால்தான். கீழே வரும் படிகள், ஒரு பயிற்சியைக் கோரிக்கை வரும் நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து அளந்து பார்க்கும் நாள் வரை எப்படி நடத்துவது என்பதைச் சொல்கின்றன. படிகள் எல்லாம் சம எடை உடையவை அல்ல. நேரம் குறைவாக இருப்பவர்கள் மூன்றாவது, நான்காவது, ஏழாவது படிகளையாவது விடாமல் செய்ய வேண்டும்.

படி 1: பயிற்சிதான் தேவையா என்று முதலில் பாருங்கள்

ஒரு கிடங்கில் இருப்புக் கணக்கைப் பதிவு செய்யும் ஊழியர்கள் தேதியைத் தவறாகப் பதிகிறார்கள், அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வேண்டும் என்று ஒருமுறை என்னிடம் கேட்டார்கள். நான் அரை நாள் அவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். திரையில் ‘பெற்ற தேதி’, ‘பதிவுத் தேதி’ என்று இரண்டு கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. எழுத்துகள் பொடியாக இருந்தன. முதல் கட்டத்தில் எண்டர் தட்டினால் சுட்டி இரண்டாவதைத் தாண்டி மூன்றாவதற்குப் போனது. எது எந்தத் தேதி என்று கேட்டதற்கு ஊழியர்கள் ஒருவர் தவறாமல் சரியாகச் சொன்னார்கள். அறிவில் குறை ஏதும் இல்லை. மென்பொருள் குழு சுட்டியின் வரிசையைத் திருத்தியதும் பிழைகள் பெரும்பாலும் நின்றுபோயின. நான் அங்கே ஒரு ஸ்லைடுகூடக் காட்டவில்லை.

ஆகவே, கோரிக்கை வந்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த ஊழியர் கட்டாயம் செய்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அந்த வேலையைச் சரியாகச் செய்வாரா? செய்வார் என்றால் குறை திறமையில் இல்லை. கருவியிலோ, நேர நெருக்கடியிலோ, சரியாகச் செய்பவருக்கே மேலும் வேலை குவியும் ஏற்பாட்டிலோ, யாருமே எது சரி என்று தெளிவாகச் சொல்லாததிலோ இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் பயிற்சி மருந்தாகாது. இப்படிப்பட்ட கோரிக்கையைத் திருப்பி அனுப்புவது சங்கடமான காரியம்தான். ஆனால் நடத்தக் கூடாத பயிற்சியை நடத்திவிட்டு, பிறகு பயன் தரவில்லை என்ற பழியைச் சுமப்பது அதைவிடச் சங்கடம்.

படி 2: கண்ணால் காணக்கூடிய ஒரு மாற்றத்தை எழுதிக்கொள்ளுங்கள்

‘தொடர்புத் திறனை மேம்படுத்துதல்’, ‘தலைமைப் பண்பை வளர்த்தல்’ என்று குறிக்கோள் எழுதப்பட்ட பயிற்சிகள் தோற்பதுமில்லை, வெல்வதுமில்லை. எது நடந்தால் வெற்றி என்று யாரும் சொல்லாததால் அவை அளவைக்கே அகப்படுவதில்லை. யார், எந்தச் சூழலில், என்ன செய்வார், எந்தத் தரத்தில் செய்வார் என்ற நான்கையும் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன்: ‘தன் குழுவினர் ஒருவரின் வேலையில் குறை கண்ட மேற்பார்வையாளர், இரண்டு வேலை நாட்களுக்குள், தனியாக அழைத்து, நடந்ததைத் தேதியோடு குறிப்பிட்டுப் பேசி, அடுத்து என்ன செய்வது என்று இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு முடிவோடு பேச்சை முடிப்பார்.’

இப்படி எழுதியதும் உள்ளடக்கத்தில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். பின்னூட்டத்தின் வரலாறு, ஆளுமை வகைகள், தலைமை பற்றிய கோட்பாடுகள் ஆகியவை மேற்சொன்ன வாக்கியத்தை நடத்திக்காட்ட உதவுகின்றனவா? இல்லையெனில் வெட்டுங்கள். ஒரு நாளில் மூன்று விஷயங்களுக்கு மேல் கற்பிக்க முயலும் திட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பெரும்பாலும் நம்பிக்கை வருவதில்லை. புதிய செய்திகளை ஒரே நேரத்தில் கையாளும் நம் செயல்நினைவின் கொள்ளளவு மிகச் சிறியது என்பதை உளவியல் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறது. ஸ்லைடுகளின் எண்ணிக்கைதான் அதைக் கேட்டுக்கொள்வதில்லை.

படி 3: மேலாளரை முன்கூட்டியே உள்ளே இழுங்கள்

கற்றது வேலைக்கு எப்படி இடம்பெயர்கிறது என்ற ஆய்வுத் துறையில் பால்ட்வின், ஃபோர்ட் ஆகிய இருவரும் 1988இல் எழுதிய கட்டுரை இன்றுவரை அடிப்படையாகக் கருதப்படுகிறது. பயிற்சியின் பலன் மூன்று காரணிகளைப் பொறுத்தது என்று அவர்கள் வகுத்தார்கள்: கற்பவரின் இயல்பு, பயிற்சியின் வடிவமைப்பு, வேலைச் சூழல். நாம் நம் உழைப்பு முழுவதையும் இரண்டாவதில் கொட்டுகிறோம். முதலாவது நம் கையில் ஓரளவுக்கே இருக்கிறது. மூன்றாவதோ மேலாளரின் கையில் இருக்கிறது, அவரோ பெரும்பாலும் பயிலரங்கின் அழைப்பு மின்னஞ்சலில் ஒரு நகல் பெறுவதோடு சரி.

பயிற்சிக்கு ஒரு வாரம் முன்பாக, ஒவ்வொரு பங்கேற்பாளரோடும் அவருடைய மேலாளர் பத்து நிமிடம் பேச ஏற்பாடு செய்யுங்கள். என்ன பேசுவது என்பதை மேலாளரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டால் அந்தப் பேச்சு நடக்காது. ஆகவே மூன்று கேள்விகளை அச்சடித்தே கொடுத்துவிடுங்கள். இந்தப் பயிற்சி உங்கள் வேலையில் எந்த இடத்தில் உதவும்? திரும்பி வந்த முதல் வாரத்தில் எந்த வேலையில் இதை முயன்று பார்க்கப் போகிறீர்கள்? அதற்கு நான் எதை ஒதுக்கித் தர வேண்டும்? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அது ஊழியருக்காகக் கேட்கப்படுவதுபோல் தோன்றினாலும், உண்மையில் மேலாளரிடமிருந்து ஒரு வாக்குறுதியை வாங்குகிறது.

முடிந்தால் மேலாளர்களுக்கே முதலில் ஒரு சிறு அமர்வு நடத்திவிடுங்கள். நடத்தையைச் செய்துகாட்டிக் கற்பிக்கும் பயிற்சிகளைப் பற்றிய 117 ஆய்வுகளை டெய்லர் முதலானோர் 2005இல் தொகுத்துப் பார்த்தபோது, பங்கேற்பாளர்களின் மேலாளர்களும் பயிற்சி பெற்றிருந்த இடங்களிலும், கற்றதைப் பயன்படுத்துவதற்கு வேலையிடத்தில் பாராட்டோ கண்டிப்போ இருந்த இடங்களிலும் வேலையில் மாற்றம் கூடுதலாக இருந்தது. காரணம் எளிது. புதிதாகக் கற்ற முறையில் பேச முயலும் மேற்பார்வையாளரைப் பார்த்து, ‘டிரெயினிங்ல சொன்னதெல்லாம் இங்க சரிப்படாது’ என்று மேலாளர் ஒரே ஒரு முறை சொன்னால் போதும். இரண்டு நாள் உழைப்பு அங்கேயே முடிந்தது.

ஒரே குழுவிலிருந்து ஒருவரை மட்டும் அழைப்பதையும் தவிருங்கள். தனியாகக் கற்றுவந்தவர், கற்றதைத் தனியாகவே மறப்பார். இரண்டு பேராவது சேர்ந்து வந்தால், ஒருவர் மற்றவருக்குச் சாட்சியாக இருப்பார்.

படி 4: அரங்கு நேரத்தைக் கேட்பதிலிருந்து செய்வதற்கு மாற்றுங்கள்

முதலில் ஒரு குப்பையை ஒதுக்கிவிடலாம். படித்ததில் 10 சதவீதம், கேட்டதில் 20 சதவீதம், செய்ததில் 90 சதவீதம் நினைவில் நிற்கும் என்று ஒரு முக்கோணப் படம் பயிற்சி உலகில் சுற்றிவருகிறது. பெரும்பாலும் எட்கர் டேல் என்ற கல்வியாளரின் பெயரும் அதில் ஒட்டப்பட்டிருக்கும். டேல் 1946இல் வெளியிட்ட மூலப் படமான கூம்பில் எந்தச் சதவீதமும் கிடையாது. எண்களைப் பிறகு வந்தவர்கள் செருகினார்கள். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று ஆட்களைப் பிரித்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்ற கொள்கையையும் பாஷ்லர் முதலானோர் 2008இல் ஆராய்ந்து, அதை ஆதரிக்கத் தகுந்த சான்று இல்லை என்று முடிவுக்கு வந்தார்கள். இவற்றை நம்பி வடிவமைப்பதில் செலவாகும் நேரத்தை வேறு இடத்தில் செலவிடலாம்.

சான்று உறுதியாக இருக்கும் இடம் நினைவுமீட்பு. ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஒரு சிறு உரைப்பகுதியைப் படித்தார்கள். பிறகு ஒரு பகுதியினர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதத்துக்கு எதிராக 75. ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழானது: எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதமும், மறுபடி படித்தவர்கள் 42 சதவீதமும் நினைவு வைத்திருந்தார்கள். பயிலரங்கின் முடிவில் நாம் எடுத்துப் பார்ப்பது ஐந்தாவது நிமிடக் கணக்கு. நமக்கு வேண்டியதோ ஒரு வாரக் கணக்கு.

இதை அரங்கில் செய்வது கடினமல்ல. ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் ‘இதுவரை பார்த்தவை’ என்று சுருக்க ஸ்லைடு போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். திரையை அணைத்து, வெற்றுத்தாள் ஒன்றைக் கொடுத்து, நான்கு நிமிடத்தில் நினைவில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். பிறகு பக்கத்து இருக்கையில் இருப்பவரின் தாளோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அதன் பிறகே கையேட்டைத் திறக்க விடுங்கள். முதல்முறை செய்யும்போது அரங்கில் ஒருவித அசௌகரியம் பரவும். சிலர் பேனாவைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். ‘இப்பத்தானே கேட்டோம், ஒண்ணும் ஞாபகம் வரலையே’ என்று யாராவது சிரிப்பார். பயப்பட வேண்டாம், வேலை நடப்பது அந்த நிமிடங்களில்தான். மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். போட்டால் இது தேர்வாகிவிடும், பதவியில் மூத்தவர்கள் அடுத்த இடைவேளையில் ஏதோ அவசர அழைப்பு வந்துவிட்டதென்று கிளம்பிவிடுவார்கள்.

புதியவர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே சிக்கலைக் கொடுத்து ‘நீங்களே கண்டுபிடியுங்கள்’ என்பது வேறொரு தவறு. முழுதாகத் தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்றையோ இரண்டையோ முதலில் அலசிவிட்டு, அடுத்ததில் பாதியைத் தீர்த்துக் கொடுத்து, அதற்கடுத்ததை முழுவதும் அவர்களிடம் விடுவது நல்லது. ஜான் ஸ்வெல்லரும் அவருடைய சகாக்களும் 1980கள் முதல் செய்துவந்த ஆய்வுகள் இதற்கு அடிப்படை. அனுபவசாலிகளுக்கு இதே படிப்படியான உதவி சலிப்பையும் இடைஞ்சலையும் தருகிறது என்பதும் பின்னர் தெரியவந்தது. ஆகவே கலப்பான குழுவில் அனுபவம் உள்ளவர்களை நேராகச் சிக்கலுக்கு அனுப்பிவிடுங்கள்.

செய்துகாட்டும்போது சரியானதை மட்டும் காட்டாதீர்கள். மேலே சொன்ன 117 ஆய்வுகளின் தொகுப்பில், நல்ல மாதிரியோடு தவறான மாதிரியையும் சேர்த்துக் காட்டிய பயிற்சிகளும், பங்கேற்பாளர்கள் தங்கள் வேலையிலிருந்தே சூழல்களை எழுதிக்கொண்டு பயின்ற பயிற்சிகளும் வேலையிடத்தில் கூடுதல் பலன் தந்தன. பிழை செய்ய அனுமதித்து, ‘பிழையிலிருந்தே கற்கலாம்’ என்று வெளிப்படையாகச் சொல்லி நடத்தும் பயிற்சியைப் பற்றிய 24 ஆய்வுகளைக் கீத், ஃப்ரேசே ஆகியோர் 2008இல் தொகுத்தபோதும் இதையொத்த போக்கே தெரிந்தது: அந்த முறையின் அனுகூலம் பயிற்சியின்போது இருந்ததைவிட, பிறகு புதிய சிக்கல்களைச் சந்தித்தபோது பெரிதாக இருந்தது.

இதெல்லாம் அரங்கில் எப்படித் தோன்றும் என்பதற்கு, மேற்பார்வையாளர்களின் பின்னூட்டப் பயிற்சியிலிருந்து ஒரு காட்சி. ஷிஃப்ட் முடிவில் எழுத வேண்டிய ஒப்படைப்புக் குறிப்பைத் தாமதமாகக் கொடுக்கும் ஊழியரிடம் பேச வேண்டும். இளைஞரான ஒரு மேற்பார்வையாளர் முதல் முயற்சியில் இப்படித் தொடங்கினார்: ‘நீங்க இன்னும் கொஞ்சம் பொறுப்பா இருந்தா நல்லா இருக்கும்.’ எதிரில் ஊழியராக நடித்த சக மேற்பார்வையாளர், ‘சரி சார்’ என்றார். பேச்சு முடிந்துவிட்டது. அரங்கில் சிலர் கைதட்டவும் செய்தார்கள்.

நான் அவரிடம், உண்மையில் இந்த ஊழியர் யார் என்று கேட்டேன். தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், தனக்கே வேலை கற்றுக்கொடுத்தவர், தான் ‘அண்ணே’ என்று கூப்பிடுபவர் என்று சொன்னார். சிரமம் முழுவதும் அங்கேதான் இருந்தது. நாங்கள் நடித்துப் பார்த்த காட்சியில் அது இல்லவே இல்லை. எதிரில் நடித்தவரிடம் ‘நீ சின்னப் பையனா இருந்தப்பவே எனக்கு இந்த வேலை தெரியும்’ என்று ஒரு வாக்கியத்தைக் கொடுத்து மறுபடி தொடங்கினோம். இரண்டாவது முயற்சியில் அவர் தடுமாறி நிறுத்திவிட்டார். மூன்றாவதில் இப்படி வந்தது: ‘அண்ணே, செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் குறிப்பு வர நாப்பது நிமிஷம் தாமதமாச்சு. எந்த மெஷினை நிறுத்தி வெச்சிருக்குன்னு தெரியாம அடுத்த ஷிஃப்ட் காத்துக்கிட்டிருந்தாங்க. உங்களுக்கு எங்க சிக்கல் ஆகுது?’ மரியாதை குறையாமல், தேதி தவறாமல், கேள்வியோடு முடிந்த மூன்று வாக்கியங்கள். அதை எட்ட இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்த இருபத்தைந்து நிமிடத்துக்காக நான் பதினான்கு ஸ்லைடுகளைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. எதையும் இழந்ததாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

ரோல் பிளே நடத்துகிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. வேலையிடத்தில் அந்தப் பேச்சைக் கடினமாக்குவது எதுவோ அதை ஒத்திகைக்குள் கொண்டுவர வேண்டும். ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டாவது முயற்சி கிடைக்க வேண்டும். முதல் முயற்சியோடு நிறுத்தினால், தவறான வடிவத்தைத்தான் பழக்கியிருப்போம். பன்னிரண்டு பேருக்கு மேல் இருந்தால் இது நடக்காது என்பதால், பங்கேற்பாளர் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி மனிதவளத் துறையோடு வாதாட வேண்டியிருக்கும், வாதாடுங்கள்.

படி 5: ஒரே நாளில் கொட்டாமல் பிரித்துக் கொடுங்கள்

மறதியை முதன்முதலில் எண்ணால் அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹவுஸ். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885இல் அவர் வெளியிட்ட முடிவு, மறதி தொடக்கத்தில் செங்குத்தாகவும் பிறகு மெதுவாகவும் இறங்குகிறது என்பதைக் காட்டியது. அவருடைய எண்களை அப்படியே பயிற்சிக்குப் பொருத்தக் கூடாது. பொருளுள்ள பாடம் பொருளற்ற அசைகளைவிட நன்றாகத் தங்கும். ஆனால் வளைவின் வடிவம் நமக்கும் பொருந்தும். பெரிய இழப்பு முதல் சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. நாமோ நினைவூட்டல் மின்னஞ்சலை மூன்று மாதம் கழித்து அனுப்புகிறோம்.

இரண்டு அமர்வுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதைச் செபேடா முதலானோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். எவ்வளவு காலத்துக்கு நினைவில் இருக்க வேண்டுமோ அதைப் பொறுத்துத் தகுந்த இடைவெளியும் நீள்கிறது: ஒரு மாத காலம் தங்க வேண்டிய பாடத்துக்கு ஒரு வாரம் முதல் ஒன்றரை வாரமும், ஓராண்டு தங்க வேண்டியதற்கு ஏறத்தாழ மூன்று, நான்கு வாரங்களும் பொருத்தமானவை. இதை இரும்புச் சட்டமாகக் கொள்ள வேண்டியதில்லை. உங்களிடம் எட்டு மணி நேரம் இருந்தால், அதை முதல் வாரத்தில் நான்கு மணி நேரம், பத்து நாள் கழித்து இரண்டு மணி நேரம், ஒரு மாதம் கழித்து இரண்டு மணி நேரம் என்று பிரிப்பது ஒரே நாளில் நடத்துவதைவிட மேல் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி உயிரூட்டும் முதலுதவித் திறன், பயிற்சி பெற்ற சில மாதங்களிலேயே தேய்ந்துவிடுவது பல ஆய்வுகளில் தெரிந்தது. அதனால்தான் மருத்துவமனைகள் சிலவற்றில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் நீண்ட வகுப்போடு நிறுத்தாமல், சில நிமிடங்களே பிடிக்கும் பயிற்சியை அடிக்கடி செய்யும் முறை வந்துள்ளது.

ஊழியர்களை ஒரு நாளுக்கு மேல் விடுவிக்க முடியாது, பயணச் செலவு ஆகும் என்று சொல்லப்பட்டால், நேரடியாக நடத்தும் நாளை ஒன்றாகவே வைத்துக்கொண்டு, தொடர்ச்சியைச் சிறு துண்டுகளாக அனுப்புங்கள். மூன்றாவது நாள், பத்தாவது நாள், முப்பதாவது நாள் ஆகியவற்றில் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ ஒரே ஒரு சூழலை அனுப்பி, ‘இந்த இடத்தில் உங்கள் முதல் வாக்கியம் என்னவாக இருக்கும்?’ என்று கேளுங்கள். கட்டுரைச் சுட்டியோ, ஊக்கமூட்டும் மேற்கோளோ அனுப்பாதீர்கள். பதில் எழுத வேண்டிய தேவை இல்லாத எந்தச் செய்தியும் நினைவை மீட்பதில்லை.

படி 6: கடைசி ஒரு மணி நேரத்தைத் திட்டத்துக்கு ஒதுக்குங்கள்

பெரும்பாலான பயிலரங்குகளில் கடைசி அரை மணி நேரம் நன்றியுரை, குழுப் புகைப்படம், சான்றிதழ் என்று போய்விடுகிறது. அந்த நேரத்தில் பங்கேற்பாளர் ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ‘இனி நல்ல பின்னூட்டம் தருவேன்’ என்பது விருப்பம் மட்டுமே. ‘திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் மாறும்போது ஒப்படைப்புக் குறிப்பு மேசைக்கு வரவில்லையென்றால், அன்று தேநீர் இடைவேளைக்கு முன் அவரைத் தனியாக அழைத்துப் பேசுவேன்’ என்பது திட்டம். ‘இது நடந்தால், அப்போது இதைச் செய்வேன்’ என்ற இந்த வடிவத்தின் ஆற்றலைப் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து ஆராய்ந்து வந்திருக்கிறார். அவரும் ஷீரனும் 94 ஆய்வுகளை 2006இல் தொகுத்தபோது, வெறும் விருப்பத்தைவிட இத்தகைய திட்டம் செயலுக்குக் கணிசமாக உதவுவது தெரிந்தது. நேரமும் இடமும் முன்பே குறிக்கப்பட்டுவிடுவதால், அந்தக் கணம் வந்ததும் யோசிக்க வேண்டியதில்லை.

தடையையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். அவர் அன்று விடுப்பில் இருந்தால்? பேச்சு சூடானால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘அப்போது’ வேண்டும்.

இதே நேரத்தில் கையில் கொடுக்க வேண்டியது ஒரே பக்கத்தில் அமைந்த வேலைத்துணை, அதாவது வேலை செய்யும்போதே பார்த்துக்கொள்ளும் குறிப்புத்தாள். நூறு பக்கக் கையேட்டை யாரும் வேலைக்கு நடுவே திறப்பதில்லை. அரிதாக வரும் வேலைகளையும், படிவரிசை தவறினால் ஆபத்தாகும் வேலைகளையும் நினைவில் ஏற்ற முயல்வதைவிடச் செக்லிஸ்ட்டாகக் கொடுப்பதே மேல். அந்தத் தாளை அரங்கிலேயே, ஒத்திகையின்போதே பயன்படுத்தச் செய்யுங்கள்; அங்கே தொடாத தாளை வேலையிடத்திலும் தொட மாட்டார்கள்.

படி 7: முதல் இரண்டு வாரங்களைக் கைவிடாதீர்கள்

தாள் மட்டும் போதாது என்பதற்கு மருத்துவத் துறையில் ஒரு பாடம் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் 19 அம்சங்கள் கொண்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் செக்லிஸ்ட், எட்டு நாடுகளில் உள்ள எட்டு மருத்துவமனைகளில் அறிமுகமானபோது, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளில் செக்லிஸ்ட் நடைமுறைக்கு வந்தபோது, குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று 2014இல் வெளியான ஆய்வு சொன்னது. இந்த வேறுபாட்டுக்கான காரணம் பற்றி விவாதம் உண்டு. கட்டங்களில் டிக் அடிப்பதும், குழு நின்று, ஒருவரையொருவர் பார்த்து, உண்மையிலேயே கேட்டுக்கொள்வதும் வேறு வேறு என்ற விளக்கம் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. கருவியை அறிமுகப்படுத்துவது ஒரு நாள் வேலை. அதைப் பழக்கமாக்குவது பல வார வேலை.

ஆகவே பயிற்சி முடிந்த ஏழு நாட்களுக்குள் ஒவ்வொருவருக்கும் உண்மையான வாய்ப்பு ஒன்று கிடைத்தே ஆக வேண்டும். புதிய மென்பொருளுக்கான பயிற்சியை, அந்த மென்பொருள் நிறுவப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே நடத்தி முடித்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அரங்கு அப்போதுதான் காலியாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. வேலை வராத திறனுக்குப் பயிற்சி நாளைத் தள்ளிப் போடுங்கள்.

வாய்ப்புக்கு அடுத்தது கண்காணிப்பு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் தொழிற்சாலைகளுக்குப் புதிய ஆட்களை விரைவாகப் பழக்க உருவான பயிற்சித் திட்டம், வேலை கற்பித்தலை நான்கு படிகளாக வகுத்தது: ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்யச் செய், பின்தொடர். நான்காவதில் சொல்லப்பட்டது எளிமையானது: ஆளைத் தனியாக வேலை செய்ய விடு, சந்தேகம் வந்தால் யாரிடம் போவது என்று காட்டு, அடிக்கடி போய்ப் பார், போகப்போகப் பார்வையைக் குறை. எண்பது ஆண்டுகள் கழிந்தும் பெரும்பாலான நிறுவனங்கள் முதல் மூன்றோடு நின்றுவிடுகின்றன.

நடைமுறையில் மேலாளரிடம் நான் கேட்பது இரண்டு சந்திப்புகள் மட்டுமே. ஐந்தாவது நாளில் ஐந்து நிமிடம்: ‘எங்கே முயன்று பார்த்தீர்கள்? என்ன ஆயிற்று?’ பதினைந்தாவது நாளில் பத்து நிமிடம்: முடிந்தால் ஒரு பேச்சையோ ஒரு வேலையையோ நேரில் பார்த்து, ஒரே ஒரு திருத்தம் சொல்வது. முதல் முயற்சி பெரும்பாலும் பழைய முறையைவிட மோசமாகவே வரும். பழைய முறையில் கைப்பழக்கம் இருக்கிறது, புதியதில் இல்லை. இந்தச் சரிவு வரும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், ஊழியர் அதைத் தோல்வி என்று எண்ணிப் பழையதற்குத் திரும்பிவிடுவார்.

படி 8: சிரித்த முகப் படிவத்துக்கு அப்பால் அளந்து பாருங்கள்

டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளிலிருந்து, பயிற்சியின் மதிப்பீட்டை நான்காகப் பிரிப்பது வழக்கமாகிவிட்டது: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. முதலாவது எளிது என்பதால் எல்லோரும் அதையே அளக்கிறார்கள். அலிகர் முதலானோர் 1997இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பயிற்சி பிடித்திருந்தது என்ற உணர்வுக்கும் உண்மையில் கற்றதற்கும் ஏறக்குறையத் தொடர்பே இல்லை. பயன்படும் என்று தோன்றியதா என்ற கேள்விக்கான பதில் அதைவிடச் சற்று மேலான தடயமாக இருந்தது.

பயிற்சி பிடித்திருந்ததா என்று முடிவில் கேட்கும் படிவத்தை ஒழித்துவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அரங்கில் காற்றோட்டம் இல்லை, பயிற்றுநர் பேசியது பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்பதெல்லாம் அதில்தான் தெரியவரும். கேள்விகளை மட்டும் மாற்றுங்கள். ‘பயிற்றுநரை எப்படி மதிப்பிடுகிறீர்கள்?’ என்பதை எடுத்துவிட்டு, ‘எந்த நாளில், எந்த வேலையில் இதை முதலில் பயன்படுத்துவீர்கள்? உங்களைத் தடுக்கக்கூடியது எது?’ என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்களைத் தொகுத்தால், மேலாளர்களிடம் எடுத்துக்கொண்டு போக வேண்டிய பட்டியல் கையில் இருக்கும்.

‘பயிற்சியில் 10 சதவீதம்தான் வேலைக்குப் போய்ச் சேர்கிறது’ என்ற கூற்றை யாராவது இந்த இடத்தில் நிச்சயம் எடுத்துக்காட்டுவார். அது 1982இல் ஜார்ஜென்சன் என்பவர், இப்படிப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள் என்ற தொனியில் ஒரு கட்டுரையில் எழுதியது, ஆய்வு முடிவல்ல. அந்த எண்ணோடு உங்கள் பயிற்சியை ஒப்பிடுவதில் பொருளில்லை.

மூன்று மாதம் கழித்து, படி 2இல் எழுதிய வாக்கியத்தை எடுத்து, அதையே கேள்வியாக்குங்கள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை பேச்சுகள் நடந்தன, அவற்றில் எத்தனை தேதியோடு தொடங்கின, எத்தனை ஒப்புக்கொண்ட முடிவோடு முடிந்தன? மேற்பார்வையாளரிடம் மட்டும் கேட்டால் போதாது, அவர் குழுவினர் இரண்டு மூன்று பேரிடமும் கேட்க வேண்டும்; இருவர் சொல்லும் எண்ணிக்கையும் பொருந்தாத இடங்களில்தான் விஷயம் இருக்கிறது.

எல்லோரையும் பேட்டி எடுக்க நேரம் இருக்காது. நன்றாகப் பயன்படுத்துகிற மூன்று பேரையும், அறவே பயன்படுத்தாத மூன்று பேரையும் தேர்ந்தெடுத்து, தலைக்கு இருபது நிமிடம் பேசுங்கள். முதல் மூவரிடம் எது உதவியது என்றும், மற்ற மூவரிடம் எந்த நாளில் எந்த இடத்தில் நின்றுபோயிற்று என்றும் கேளுங்கள். பின்னூட்டப் பயிற்சி ஒன்றில் இப்படிக் கேட்டபோது, பயன்படுத்தாத மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: தனியாகப் பேச இடமே இல்லை. அலுவலகம் முழுவதும் கண்ணாடித் தடுப்பு. கூட்ட அறையை இரண்டு நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும். அடுத்த தொகுதிக்கு நாங்கள் பாடத்தில் ஒரு வரியையும் மாற்றவில்லை. கூட்ட அறை ஒன்றைப் பிற்பகல் மூன்று மணி முதல் நான்கு மணி வரை யாரும் பதிவு செய்ய முடியாதபடி திறந்து வைக்கச் சொன்னோம்.